சர்வேயில் உண்மை வர என்ன செய்யலாம்? – வாசகர் கேள்வி பதில்

‘மக்கள் சர்வேயில் உண்மையைச் சொல்கிறார்களா?’ என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்ததற்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்குத்தான். நாலு பேர் முன்னால் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று பதிலைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வதை ஆய்வாளர்கள் ‘சமூக விருப்பச் சார்பு’ என்கிறார்கள். நான் சுருக்கமாக ‘நல்லபெயர்ச் சாய்வு’ என்று எழுதுகிறேன்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. புராஜெக்ட்டுக்காகக் கழிப்பறைப் பயன்பாடு பற்றி ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கழிப்பறை உள்ள வீடுகளில் கிட்டத்தட்ட எல்லோரும் ‘அதைத்தான் பயன்படுத்துறோம்’ என்றார்கள். ஆனால் காலையில் முதல் பஸ்ஸில் போய் இறங்கினால், அதே வீட்டுப் பெரியவர்கள் கருவேலங்காட்டுப் பக்கம் போவதைப் பார்க்கிறேன். என்னிடம் பொய் சொல்லிவிட்டார்களா? இதை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?
– மாணவி, திருச்சி

பதில்: பொய் சொன்னார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். ‘உங்கள் வீட்டில் எந்த மாதிரிக் கழிப்பறையைப் பயன்படுத்துறீங்க?’ என்று வீட்டுக்கு ஒரு கேள்வியாகக் கேட்டிருப்பீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற பெரிய சர்வேக்களிலேயே அப்படித்தான் கேட்டு வந்தார்கள், அதனால் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு வாசலில் நிற்கிற மருமகள் மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் சொல்லியாக வேண்டும். கழிப்பறை கட்டியாயிற்று, அரசுப் பணமும் வாங்கியாயிற்று, கையில் ஃபைலோடு படித்த பெண் ஒருத்தி டவுனிலிருந்து வந்து கேட்கிறாள். மாமனார் இன்னும் காட்டுக்குத்தான் போகிறார் என்று எந்த மருமகள் சொல்லுவாள்?

2014-ல் வெளியான ‘ஸ்க்வாட்’ என்ற ஆய்வைப் பாருங்கள். பீகார், ஹரியானா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் நடந்தது. அதில் வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்காமல், வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டார்கள். கேட்ட விதம் ஏறக்குறைய இப்படி: ‘சிலர் வெளியே போறாங்க, சிலர் கழிப்பறைக்குப் போறாங்க, ரெண்டையும் நான் பார்த்திருக்கேன். இப்பல்லாம் நீங்க எங்க போறீங்க? மாமனார் எங்க போறார்?’ அந்த முதல் வாக்கியம் செய்கிற வேலையைக் கவனியுங்கள். வெளியே போகிறவர்களை இந்த ஆள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார், பார்த்தும் முகம் சுளிக்கவில்லை, அப்படியென்றால் நாமும் சொல்லலாம் என்ற தைரியம் பதில் சொல்பவருக்கு வருகிறது. பழுதில்லாத கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குறைந்தது ஒருவராவது வெளியேதான் போகிறார் என்று அப்போது தெரிய வந்தது.

இது கேள்வியின் மாற்றத்தால் வந்ததா, வேறு காரணமா என்ற சந்தேகம் நியாயமானது. அதனால் பின்னர் ஒரு பரிசோதனையே செய்தார்கள். வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் வீட்டுக்கு ஒரு கேள்வி, மறு பாதியிடம் ஆளுக்கு ஒரு கேள்வி. 2019-ல் ‘பி.எம்.ஜே. ஓபன்’ மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டபோது திறந்தவெளியில் போவோர் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகத் தெரிந்தார்கள். அந்த 20-ம் முழுக்க நல்லபெயர்ச் சாய்வு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு மொத்தமாகக் கேட்கும்போது தாத்தாவின் ஞாபகமே வராமலும் போகலாம். ஆனால் இந்தக் கணக்கை நம்பித்தான் ஊர் ஊராக ‘திறந்தவெளி மலம் கழித்தல் அற்ற கிராமம்’ என்று பலகை வைக்கிறோம், அங்கேதான் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் வருகிறது. எண் தவறினால் அடுத்த வருடப் பணமும் தவறான இடத்துக்குத்தான் போகும்.

உங்கள் புராஜெக்ட்டுக்கு இன்னும் நேரம் இருந்தால், இதுவரை போகாத வீடுகளில் பாதிக்குப் பழைய கேள்வி, பாதிக்குப் புதிய கேள்வி என்று சீட்டுக் குலுக்கிக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே எழுதுங்கள். அதுவே அளவீடு, ஒரு முதுகலை மாணவியால் தாராளமாகச் செய்ய முடிகிற அளவீடு. காலையில் கண்ணால் பார்த்ததை யார் பெயரும் இல்லாமல் தனிக் குறிப்பாகச் சேருங்கள்.

கேள்வி: எத்தனை பேர் மாற்றிச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க உண்மை தெரிந்திருக்க வேண்டும். உண்மை தெரிந்துவிட்டால் சர்வே எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

பதில்: சரியான கேள்வி சார். உண்மை வேறு ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்கிற விஷயங்களாகப் பார்த்து எடுத்து, முதலில் அவற்றில் சோதித்துப் பார்ப்பார்கள். எந்த மாதிரிக் கேள்வியில் மக்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது அதிலிருந்து பிடிபடும்.

இதில் பழைய உதாரணம் அமெரிக்காவின் டென்வர் நகரம், 1949. ஓட்டுப் போட்டீர்களா, நூலக அட்டை வைத்திருக்கிறீர்களா, ஊர்ப் பொது நிதிக்கு நன்கொடை கொடுத்தீர்களா, வீட்டில் டெலிபோன் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பிறகு பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். டெலிபோன் விஷயத்தில் அநேகமாக எல்லோருமே சரியாகச் சொல்லியிருந்தார்கள். நன்கொடையிலோ சுமார் மூன்றில் ஒருவர் கொடுக்காததைக் கொடுத்ததாகச் சொல்லியிருந்தார். ஆட்கள் அதே ஆட்கள்தான், பேட்டி எடுத்ததும் அதே பேட்டிதான். ‘இவர் பொய்யர், அவர் உண்மையானவர்’ என்று ஆளைப் பிரிப்பதில் பெரிய பயன் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

தனி ஆளின் பதிவு கிடைக்காத இடத்தில் தலையை எண்ணலாம். வாராவாரம் தேவாலயம் போகிறவர்கள் சுமார் 40 சதவீதம் என்று அமெரிக்கக் கருத்துக்கணிப்புகள் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 1993-ல் மூன்று சமூகவியலாளர்கள் ஓஹியோ மாநிலத்தின் ஆஷ்டபூலா என்ற மாவட்டத்தில் தேவாலயம் தேவாலயமாக வருகையைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, வந்தவர்கள் அதில் ஏறக்குறைய பாதிதான். கை கழுவுவதும் அப்படித்தான். 2010-ல் அமெரிக்காவில் போனில் கேட்டபோது 96 சதவீதம் பேர் பொதுக் கழிப்பறையில் எப்போதும் கை கழுவுவதாகச் சொன்னார்கள், கழிப்பறைகளில் ஆளை நிறுத்திப் பார்த்தபோது கழுவியவர்கள் 85 சதவீதம். பக்கத்தில் ஆள் நிற்கும்போதே 85 என்றால், தனியாக இருக்கும்போது இன்னும் குறையும் என்றுதான் எனக்குப் படுகிறது.

கேட்கிற வழியும் முக்கியம். மேரிலண்ட் பல்கலைக்கழகப் பழைய மாணவர்களிடம் படிப்பில் வாங்கிய மோசமான கிரேடுகளைப் பற்றியெல்லாம் கேட்டு, பல்கலைக்கழகப் பதிவோடு ஒப்பிட்ட ஆய்வு 2008-ல் வந்தது. போனில் ஒரு ஆள் கேட்டபோது மறைத்ததை, இணையப் படிவத்தில் கூடுதலான பேர் ஒப்புக்கொண்டார்கள். காது கொடுத்துக் கேட்க எதிரே ஒரு மனிதர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: வீட்டுக்கு சர்வே எடுக்க வந்த பெண், கணவர் அடிப்பாரா, குடிப்பாரா என்று கேட்டார். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்ல முடியும்?
– குடும்பத் தலைவி, மதுரை

பதில்: நீங்கள் சொன்ன பதில் எதுவானாலும் தவறு உங்களுடையது இல்லை, அம்மா. அந்தக் கேள்வியை அந்த இடத்தில் கேட்டிருக்கவே கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறைக் கேள்விகளுக்கு எழுதப்பட்ட விதியே உண்டு. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் தனிமை கிடைத்தால்தான் கேட்க வேண்டும், கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். இது பதில் சரியாக வருவதற்காக மட்டும் போட்ட விதி இல்லை. சர்வேக்காரர் கிளம்பிப் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது நீங்கள்தானே.

அடுத்த முறை யாராவது இப்படி வந்தால், ‘இதுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை’ என்று சொல்லிவிடுங்கள், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. சர்வே நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஹெட்ஃபோனில் கேள்வி ஒலிக்க, பதில் சொல்பவரே திரையைத் தொட்டுப் பதிலைப் பதிவு செய்யும் முறை 1990-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பதில் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கேள்வி என்றே தெரியாது. போதைப்பொருள், பாலுறவு போன்ற கேள்விகளில் நேரில் கேட்பதைவிட இதில் கூடுதலாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டிலும் தேர்தல் ஆய்வுகளில் லோக்நிதி அமைப்பினர் யாருக்கு ஓட்டு என்பதை வாயால் கேட்பதில்லை, மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். செலவே இல்லாத வழி, மற்ற இடங்களிலும் இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா என்று யாரைக் கேட்டாலும், ‘பக்கத்துத் தெருவுல வாங்கினாங்க, நாங்க வாங்கலை’ என்கிறார்கள். பக்கத்துத் தெருவிலும் இதே பதில். இதை அளக்க வழியே கிடையாதா?
– வாசகர், சேலம்

பதில்: உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிகரகுவா நாட்டில் 2008-ல் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு ஓர் ஆய்வு நடந்தது. மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குக் கொடுத்த பட்டியலில், கட்சிக்காரர்கள் இந்தத் தேர்தலில் செய்திருக்கக்கூடிய நாலு விஷயங்கள் இருந்தன: போஸ்டர் ஒட்டினார்கள், வீட்டுக்கு வந்தார்கள், டிவியிலோ ரேடியோவிலோ விளம்பரம் கொடுத்தார்கள், ஓட்டுப் போடச் சொல்லி மிரட்டினார்கள். இதில் எவை எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே பட்டியலில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ‘பரிசோ உதவியோ கொடுத்தார்கள்’. அவர்களும் எத்தனை என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஒருவர் ‘ரெண்டு’ என்கிறார். அவர் பணம் வாங்கினாரா என்று பேட்டி எடுத்தவருக்கும் தெரியாது, நாளைக்கு அந்தத் தாளைப் பார்க்கிற கட்சிக்காரருக்கும் தெரியாது. ஆனால் கணக்கு போடுகிறவருக்கு மொத்தத்தில் தெரியும். உதாரணத்துக்கு, முதல் குழுவின் சராசரி 1.8, இரண்டாவது குழுவின் சராசரி 2.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் பிரித்ததால் இரண்டு குழுவும் மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆகவே அந்த 0.3 ஐந்தாவது வரியால் வந்தது. அதாவது 30 சதவீதம் பேர். நிகரகுவாவில் நேரடியாகக் கேட்டபோது வாங்கியதாகச் சொன்னவர்கள் 2.4 சதவீதம், பட்டியல் முறையில் வந்தது சுமார் 24 சதவீதம். பத்து மடங்கு!

இதே முறையை அமெரிக்காவில் 1991-லேயே இனவெறியை அளக்கப் பயன்படுத்தியிருந்தார்கள். பெட்ரோல் வரி ஏறுவது, விளையாட்டு வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுப்பது, பெரிய கம்பெனிகள் சுற்றுச்சூழலைக் கெடுப்பது ஆகிய மூன்றில் எத்தனை உங்களுக்குக் கோபமூட்டும் என்று கேட்டு, ஒரு குழுவுக்கு மட்டும் ‘பக்கத்து வீட்டுக்குக் கறுப்பினக் குடும்பம் குடிவருவது’ என்று நான்காவதைச் சேர்த்தார்கள். தென் மாநில வெள்ளையர்களில் 42 சதவீதம் பேருக்கு அது கோபமூட்டுகிறது என்று கணக்கில் வந்தது, மற்ற மாநிலங்களில் அப்படி எதுவுமே தெரியவில்லை. ஆனால் இனவெறி விஷயத்தில் தெற்கு மாறிவிட்டது என்றுதான் அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள்.

பட்டியல் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லோருக்கும் எல்லாமே ‘ஆமாம்’ ஆகிவிடக்கூடிய பட்டியல் கூடாது. ஒருவர் ‘ஐந்து’ என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும், அது தெரிந்து அவர் நாலு என்று குறைத்துச் சொல்வார். அதனால்தான் அபூர்வமாக நடப்பது ஒன்றையும் அடிக்கடி நடப்பது ஒன்றையும் கலந்து வைப்பார்கள். அப்புறம், இதற்கு ஆட்கள் நிறைய வேண்டும். நூறு பேரைப் பிடித்து இதைச் செய்தால் வருகிற எண்ணின் பிழை வரம்பு அந்த எண்ணைவிடப் பெரிதாக இருக்கும். சேலத்தில் ஒரு வார்டில் மட்டும் செய்து பார்க்க ஆசைப்பட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், தொகுதி அளவில் ஆயிரக்கணக்கில் செய்யலாம்.

பக்கத்துத் தெருக்காரர்களைப் பற்றிக் கேட்பதும் ஒரு முறைதான். தன்னைப் பற்றிச் சொல்ல முடியாததை மற்றவர் மேல் ஏற்றிச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் செய்வார்கள். அதில் எவ்வளவு தன் கதை, எவ்வளவு டீக்கடையில் கேட்ட கதை என்று பிரிக்க முடியாது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

கேள்வி: தாயக்கட்டை உருட்டிப் பதில் வாங்குகிற முறை ஒன்று உண்டாமே? மாணவிகளுக்கு நிகழ்தகவுப் பாடத்தில் சொல்லலாமா?
– கணித ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: கட்டாயம் சொல்லுங்கள், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்பவர் தொடங்கி வைத்தது. அவருடைய மூல முறையைவிட, பின்னால் வந்த பகடை முறை வகுப்புக்கு எளிது. ஆறு முகப் பகடையை உருட்டச் சொல்லுங்கள், விழுந்தது என்னவென்று கேட்பவர் பார்க்கக்கூடாது. 1 விழுந்தால் கேள்வி எதுவானாலும் ‘ஆமாம்’, 6 விழுந்தால் ‘இல்லை’, 2 முதல் 5 வரை விழுந்தால் உண்மையான பதில்.

600 பேரிடம் கேட்டதாக வைப்போம். சுமார் 100 பேர் பகடை சொன்னதால் ‘ஆமாம்’ சொல்லியிருப்பார்கள், இன்னொரு 100 பேர் ‘இல்லை’. மீதி 400 பேர் உண்மை. மொத்தம் 180 ‘ஆமாம்’ வந்திருந்தால், 100-ஐக் கழித்தால் 80. 400-ல் 80 என்றால் 20 சதவீதம். தேர்வில் காப்பி அடித்தவர்கள் 20 சதவீதம் என்று வகுப்புக்கே தெரியும், ஆனால் ‘ஆமாம்’ சொன்ன ஒரு மாணவியைக்கூட யாரும் கைகாட்ட முடியாது.

காகிதத்தில் அழகு, களத்தில் சிக்கல். காப்பியே அடிக்காத மாணவிக்கு 1 விழுந்தால் அவள் ‘ஆமாம்’ சொல்ல வேண்டும். பலருக்கு வாய் வராது, பகடை என்ன சொன்னாலும் ‘இல்லை’ என்றுவிடுவார்கள். விதியே புரியாதவர்களும் இருப்பார்கள். அமெரிக்காவில் ஓட்டுப் போட்டீர்களா என்ற கேள்விக்கு இந்த வகை முறையைப் பயன்படுத்திப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நம்பவே முடியாத எண்கள் வந்து ஆய்வாளர்களே இந்த முறையைச் சந்தேகித்தார்கள். ஆனால் எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில் 2011-ல் கருக்கலைப்பு சம்பந்தமான ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் எப்படி வாக்களித்தார்கள் என்ற உண்மைக் கணக்கு மாவட்டவாரியாகக் கையில் இருந்ததால், எந்த முறை அதற்கு அருகில் வருகிறது என்று பிறகு சர்வே எடுத்துச் சோதித்தார்கள். நேரடிக் கேள்விதான் அதிகம் தவறியது, இந்தப் பகடை வகை முறைதான் அதிகம் நெருங்கியது. ஆக, விளக்கிச் சொல்கிறவர் பொறுமையாகச் சொன்னால் வேலை செய்கிறது, அவசரத்தில் செய்தால் கெடுகிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு வகையும் உண்டு. இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டு, ‘இரண்டுக்கும் ஒரே பதிலா, வேறு வேறு பதிலா’ என்று மட்டும் சொல்லச் சொல்வது. ஒன்று நாம் அறிய விரும்பும் கேள்வி, இன்னொன்று ‘உங்கள் அம்மா ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பிறந்தவரா’ போன்ற, விகிதம் நமக்கு முன்பே தெரிந்த கேள்வி. நம் ஊரில் அம்மா பிறந்த மாதத்தைக் கேட்டால் மாட்டிக்கொள்வோம், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதிதான் பலருக்கு இருக்கிறது. தவிர, இந்த முறையில் செய்யாதவர்களும் செய்தவர்களாக எண்ணப்பட்டுவிடுகிறார்கள் என்று 2017-ல் இரண்டு ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அநேகமாக யாருக்குமே இருக்க முடியாத ஒரு நோயைப் பற்றி இதே முறையில் கேட்டுப் பார்த்தார்கள், அதிலும் ‘ஆமாம்’ வந்தது. எண் கூடுதலாக வந்தாலே உண்மை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆய்வாளர்களிடையே உண்டு, அதற்கு இந்தச் சோதனை சரியான பதில்.

கேள்வி: என் பிஎச்.டி. கேள்வித்தாளோடு மார்லோ–கிரௌன் அளவுகோலைச் சேர்த்து, அதில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை நீக்கிவிடச் சொல்கிறார் கைடு. செய்யலாமா?
– ஆய்வு மாணவர், சென்னை

பதில்: அளவுகோலைச் சேருங்கள், ஆட்களை நீக்காதீர்கள்.

1960-ல் டக்ளஸ் கிரௌன், டேவிட் மார்லோ என்ற இரு உளவியலாளர்கள் செய்த அளவுகோல் இது. 33 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று சொல்ல வேண்டும். யாரையும் கடுமையாக வெறுத்ததே இல்லை, ஊருக்குச் சொல்வதை நான் எப்போதும் கடைப்பிடிப்பேன், எரிச்சலூட்டுகிற ஆட்களிடமும் மரியாதையாகவே நடப்பேன் என்ற ரீதியில் போகும். இதற்கெல்லாம் ‘சரி’ போடுகிறவர் நல்லபெயர் தேடுகிறவர் என்பது கணக்கு. இதற்கு முன்பு 1957-ல் ஆலன் எட்வர்ட்ஸ் செய்ததில் மனநோய் அறிகுறிகளும் கலந்துகிடந்தன, அந்தக் குழப்பம் இதில் இல்லை என்பது இதன் பெருமை. பின்னால் டெல்ராய் பால்ஹஸ் இதையும் இரண்டாகப் பிரித்தார்: மற்றவர்களிடம் நல்லபெயர் வாங்கச் சொல்வது ஒன்று, தன்னைப் பற்றித் தானே நல்லபடியாக நம்பிக்கொண்டிருப்பது இன்னொன்று. இந்தப் பிரிவு முக்கியம், இரண்டாவது வகைக்காரரை எவ்வளவு தனியாக உட்கார வைத்துக் கேட்டாலும் பதில் மாறாது, அவர் மனதார அப்படித்தான் நம்புகிறார்.

என் ஆட்சேபம் என்னவென்றால், உண்மையிலேயே பொறுமையான, யாரையும் வெறுக்காத மனிதரும் இதில் அதிக மதிப்பெண் எடுப்பார். 1983-ல் மெக்ரே, கோஸ்டா இருவரும் கணவன் மனைவி ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த மதிப்பெண்ணை வைத்துப் பதில்களைத் ‘திருத்தியபோது’ பொருத்தம் கூடவில்லை, குறையத்தான் செய்தது. அப்படியானால் அளவுகோல் பொய்யை மட்டும் பிடிக்கவில்லை, குணத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதிக மதிப்பெண் எடுத்தவர்களை நீக்கினால் உங்கள் மாதிரியிலிருந்து (ஆய்வுக்கு எடுத்த ஆட்களிலிருந்து) நல்லவர்களையும் வயதானவர்களையும் பக்திமான்களையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவீர்கள்.

மொழிபெயர்ப்பையும் யோசியுங்கள். எரிச்சலூட்டுகிற ஆளிடமும் மரியாதையாக நடப்பேன் என்ற வாக்கியத்தை ஒரு கிராமத்துப் பாட்டியிடம் படித்துக் காட்டினால், ‘ஆமா, வீட்டுக்கு வந்தவங்களை அப்படித்தானே நடத்தணும்’ என்பார். அவர் தன் கடமையைச் சொல்கிறார், உங்கள் எக்ஸெல் தாளில் அவர் நடிப்பவர் என்று பதிவாகிவிடும். கைடிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மதிப்பெண்ணை வைத்து ஒரு தடவையும் வைக்காமல் ஒரு தடவையும் பகுப்பாய்வு செய்து, முடிவு மாறுகிறதா என்று தீசிஸில் இரண்டையும் காட்டுகிறேன் என்று. வைவாவிலும் அது நிற்கும்.

கேள்வி: சாதி பார்ப்பீர்களா என்று கேட்டால் ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்கிறார்கள். அதை சர்வேயில் எழுதி, தீண்டாமை குறைந்துவிட்டது என்றும் சொல்லிவிடுகிறார்கள். வலிக்கிறது.
– வாசகர், விழுப்புரம்

பதில்: வலிக்கத்தான் செய்யும். கேள்வியைத் தட்டிக்கழிக்க வழி விட்டுவிட்டு, வந்த பதிலை முன்னேற்றம் என்று அச்சடிப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம்.

2011-12-ல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 42,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் எடுக்கப்பட்டது. அதில் இரண்டு படியாகக் கேட்டார்கள். முதலில் ‘உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா?’ இல்லை என்றவர்களிடம் அடுத்ததாக, ‘பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பிரச்சினை இல்லையே?’ முதல் கேள்வி கொள்கை, அதற்கு எல்லோருக்கும் பதில் தெரியும். இரண்டாவது கேள்வியில் சமையலறையும் சொம்பும் கண் முன்னால் வந்துவிடுகின்றன. இரண்டையும் சேர்த்து 27 சதவீத வீடுகள் ஒப்புக்கொண்டன. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவும் 1955-ம் வருடச் சட்டமும் குற்றம் என்று சொல்வதை, முன்பின் தெரியாத ஆளிடம் நாலில் ஒரு வீட்டுக்கு மேல் ஒப்புக்கொள்கிறது என்றால், உண்மை அளவு 27-ஐவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நல்லபெயர் என்றால் யாரிடம் நல்லபெயர்? கல்லூரிப் பெண் தனியாகக் கேட்டால் ‘நாங்க பார்க்கிறதில்லை’ என்பது நல்லபெயர். அதே திண்ணையில் உறவுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தால், ‘வீட்டுக்குள்ள விடமாட்டோம்’ என்பதே அங்கே நல்லபெயராக இருக்கலாம். அதனால் கேட்பவர் யார், கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் படிவத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான சர்வேக்களில் அதற்குக் கட்டம்கூட இருப்பதில்லை.

இதைவிட நேரான வழி, செய்கிறவரை விட்டுவிட்டு அனுபவிக்கிறவரிடம் கேட்பது. குஜராத்தில் நவ்சர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் எடுத்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு, தீண்டாமையை ஒற்றைக் கேள்வியாகக் கேட்காமல் தனித்தனி வழக்கங்களாக உடைத்துப் பதிவு செய்தது. தேநீர் எதில் தருகிறார்கள், கோயிலுக்குள் எதுவரை விடுகிறார்கள், முடிதிருத்துகிறவர் வெட்டிவிடுகிறாரா என்று இறங்கிக் கேட்டால் பூசி மெழுக இடம் இருக்காது. தேநீர்க் கடைக்கு நீங்களே போய் எத்தனை வகை டம்ளர் இருக்கிறது என்று பார்த்துவிட்டும் வரலாம்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் பாலியல் தொல்லை பற்றி ‘பெயர் வேண்டாம்’ என்று சொல்லி கூகுள் ஃபார்ம் அனுப்பினார்கள். எல்லோரும் ‘பிரச்சினை இல்லை’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: நம்பாதீர்கள். ஆபீஸ் மெயிலில் லாகின் செய்தால்தான் ஃபார்ம் திறக்கிறது என்றால், பெயர் கேட்காவிட்டாலும் பெயர் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதில் வயது, பிரிவு, எத்தனை வருட சர்வீஸ் என்று வேறு கேட்டிருந்தால், ஆறு பேர் உள்ள டீமில் இரண்டே பெண்கள் இருக்கும்போது யார் எழுதியது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. ரகசியம் காக்கப்படும் என்று பத்து வரி எழுதினாலும் சில நேரம் எதிர்விளைவுதான் வரும், ‘இவ்வளவு சொல்கிறார்கள் என்றால் பெரிதாக ஏதோ கேட்கப் போகிறார்கள்’ என்று ஆட்கள் உஷாராகிவிடுகிறார்கள் என்பதை 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

லாகின் இல்லாத இணைப்பு, கம்பெனிக்கு வெளியே இருக்கிற ஒருவர் கையில் தரவு, பிரிவும் வயதும் கேட்காத படிவம், இந்த மூன்றையும் கேளுங்கள். ‘தொல்லை நடந்ததா’ என்ற மொத்தக் கேள்விக்குப் பதிலாக, வேண்டாத நேரத்தில் மெசேஜ் வந்ததா, உடம்பைப் பற்றிக் கமெண்ட் அடித்தார்களா, தொட்டார்களா என்று நடந்ததை நடந்தபடி கேட்கச் சொல்லுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது, உங்கள் கோரிக்கையை எழுத்தில் அந்தக் குழுவுக்குக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.